டிராகுலாவை எழுதிய எழுத்தர்

"டிராகுலா என்று ஓர் அரசன் உண்மையிலேயே வாழ்ந்தானாமே, அவன் கதையைத்தான் பிராம் ஸ்டோக்கர் நாவலாக்கினாரா? 1897இல் வந்த ஒரு பேய்க்கதையை இன்னமும் ஏன் இத்தனை பேர் தேடிப் படிக்கிறார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை உண்டு. பெயர் அந்த அரசனுடையது. கதை அவனுடையது இல்லை. இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாக விடை சொன்னால் அந்த நாவலுக்கு அநியாயம் செய்தவனாவேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அரசனை முதலில் பார்த்துவிடுவோம். இன்றைய ருமேனியாவின் தெற்குப் பகுதியான வலாக்கியாவை 15ஆம் நூற்றாண்டில் மூன்றாம் விளாட் ஆண்டான். அவனுடைய தந்தை 1431இல் டிராகனின் பெயர் தாங்கிய ஒரு கிறிஸ்தவப் பிரபுக்கள் அணியில் சேர்ந்ததால் 'டிராகுல்' என்று பெயர் பெற்றான். அவன் பிள்ளை 'டிராகுலா' ஆனான். எதிரிகளைக் கழுவேற்றிக் கொன்றதால் மகனுக்குக் கெட்ட பெயர். அவன் கொடுமைகளைச் சொல்லும் சிறு வெளியீடுகள் அந்த நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெர்மன் மொழியில் அச்சாகி விற்றன. அவற்றில் நாம் காண்பது ஒரு கொடுங்கோலனை. செத்தபின் எழுந்துவந்து இரத்தம் உறிஞ்சும் காட்டேரியை அங்கே காணமுடியாது. ஸ்டோக்கரின் கைக்குறிப்புகள் இன்று கிடைக்கின்றன. அவற்றில் கழுவேற்றத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நாவலின் காட்டேரியான டிராகுலா பிரபுவோ தன்னை வலாக்கியன் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. வலாக்கியாவுக்கு வடக்கே உள்ள டிரான்சில்வேனியாவின் செக்லர் குலத்தவன் என்றுதான் பெருமை பேசுகிறான். துருக்கியரோடு போரிட்ட ஒரு டிராகுலாவைப் பற்றி நாலு வரி வருகிறது, அவ்வளவுதான். 1972இல் இரண்டு வரலாற்றாசிரியர்கள் எழுதிய ஒரு நூல் பெரும் புகழ் பெற்றது. அதிலிருந்துதான் 'உண்மையான டிராகுலா' என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. டிராகுலாவின் கோட்டை என்று சொல்லப்படும் ருமேனியாவின் பிரான் கோட்டைக்கு இன்று பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். ஸ்டோக்கர் ருமேனியாவில் காலடி வைத்ததே கிடையாது.

அப்படியானால் இந்த நாவல் எங்கே பிறந்தது? என் பதில் சற்று விசித்திரமாகத் தோன்றலாம்: ஓர் அரசு அலுவலகத்தின் மேசையில்.

ஸ்டோக்கரின் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நோயையும் கனவுகளையும் சொல்வார்கள். இரண்டும் உண்மையே. 1847ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி டப்ளின் நகரின் ஓரத்தில், கிளான்டார்ஃப் என்ற கடற்கரைப் பகுதியில் பிறந்தார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் மக்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றுகொண்டிருந்த ஆண்டு அது. ஏழு வயது வரை எழுந்து நிற்கக்கூட முடியாமல் படுக்கையில் கிடந்தார். படுக்கையருகே உட்கார்ந்து கதை சொன்ன தாய் சார்லட், 1832இல் ஸ்லைகோ நகரைச் சூறையாடிய காலராவைச் சிறுமியாகக் கண்ணால் பார்த்தவர். பிணங்களோடு பிணங்களாக உயிருள்ளவர்களையும் தூக்கிக்கொண்டுபோன நாட்கள் அவை. அவர் சொன்னவற்றில் ஒன்று: நெடிய உடல்கொண்ட ஒரு படைவீரர் 'இறந்துபோனார்'. சவப்பெட்டி அவருக்குப் போதவில்லை. கால்களை முறித்து உள்ளே திணிக்கலாம் என்று சுத்தியலை ஓங்கி அடித்தபோது, பிணம் விழித்துக்கொண்டது. பிற்காலத்தில் ஸ்டோக்கர் இந்த நினைவுகளைக் கேட்டதோடு நிற்கவில்லை. அம்மாவை உட்காரவைத்து எழுதியே தரச்சொல்லி வாங்கிக்கொண்டார். காதால் கேட்டதைக் காகிதத்தில் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டால் நாவல் முழுவதும் திறந்துகொள்கிறது.

டிரினிட்டி கல்லூரியில் படித்துவிட்டு, அரசு அலுவலகங்கள் இருந்த டப்ளின் கோட்டையில் எழுத்தராகச் சேர்ந்தார். அயர்லாந்தின் கீழ்நிலை நீதிமன்றங்களில் எழுத்தர்கள் எந்தப் பதிவேட்டை எப்படி நிரப்பவேண்டும், எந்தப் படிவத்தை எங்கே அனுப்பவேண்டும் என்று விளக்கும் ஒரு தடித்த கையேடு 1879இல் அவர் பெயரில் வெளிவந்தது. பலரும் இதை வேடிக்கையாகக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். டிராகுலாவைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல சாவி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வேலைநேரம் போக மாலைகளில் டப்ளின் நாளிதழ் ஒன்றுக்குச் சம்பளமில்லாமல் நாடக விமர்சனம் எழுதினார். அந்த இதழின் உரிமையாளர்களில் ஒருவர் ஷெரிடன் லெ ஃபானு. 1872இல் 'கார்மில்லா' என்ற பெண் காட்டேரிக் கதையை எழுதியவர் அவர்தான். கதை ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மாகாணத்தில் நடக்கிறது. ஸ்டோக்கரின் முதல் திட்டத்திலும் பிரபுவின் கோட்டை ஸ்டிரியாவில்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். டிரான்சில்வேனியா பின்னால்தான் வந்தது.

1876இல் இங்கிலாந்தின் மாபெரும் நடிகர் ஹென்றி இர்விங் டப்ளினுக்கு வந்தார். ஒரு கொலைகாரனின் மனச்சாட்சியைப் பற்றிய நீண்ட கவிதையை அவர் நடித்துச் சொன்னதைக் கேட்டு, தான் நிலைகுலைந்துபோனதை ஸ்டோக்கரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1878இல் அரசு வேலையை உதறிவிட்டு லண்டனுக்குப் போய், இர்விங்கின் லைசியம் நாடக அரங்குக்கு மேலாளரானார். கணக்கு, கடிதம், டிக்கெட் விற்பனை, அமெரிக்கச் சுற்றுப்பயணங்கள், ஒரு பெரிய நாடகக் குழுவும் அதன் காட்சித் திரைகளும் எந்த ரயிலில் ஏறி எந்த நேரத்தில் எங்கே இறங்கவேண்டும் என்ற திட்டம் எல்லாம் அவர் தலையில். 27 ஆண்டுகள் இப்படிப் போயின. டிராகுலாவின் உயரமும் மிடுக்கும் பிறரை ஆட்டிப்படைக்கும் தோரணையும் இர்விங்கிடமிருந்து வந்தவை என்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். இர்விங் இல்லாவிட்டாலும் டிராகுலா வந்திருப்பான். அந்த ரயில் அட்டவணைகள் இல்லாவிட்டால் வந்திருக்கமாட்டான்.

நாவலுக்கான முதல் தேதியிட்ட குறிப்பு 1890 மார்ச் 8. புத்தகம் வெளிவந்தது 1897 மே 26. இடையில் ஏழு ஆண்டுகள். இரவு உணவில் நண்டு தின்றதால் வந்த கெட்ட கனவிலிருந்து கதை பிறந்ததாகக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. கனவு வந்தே இருக்கட்டும். ஏழு ஆண்டு உழைப்பைக் கனவு செய்துவிடாது. நூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட அந்தக் குறிப்புகள் இப்போது அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ரோசன்பாக் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிப்பது நாவலைப் படிப்பதற்கு இணையான இன்பம். எந்த நாளில் யார் எங்கே இருந்தார்கள் என்று தேதிவாரியாகக் கட்டம் போட்டு நிரப்பிய நாட்காட்டி இருக்கிறது. ரயில் நேரங்கள், கல்லறை வாசகங்கள், யார்க்ஷயர் வட்டாரச் சொற்களின் அகராதி எல்லாம் இருக்கின்றன. காட்டேரியின் இயல்புகளுக்கு ஒரு பட்டியல்: அவன் வீட்டில் கண்ணாடி கிடையாது, ஓவியன் அவனை வரைந்தால் படம் வேறு யாரோபோல் இருக்கும், புகைப்படம் எடுத்தால் கறுப்பாகவோ எலும்புக்கூடாகவோ விழும், இசை அவனைத் தொடாது. ஓவியனும் புகைப்படமும் நாவலுக்குள் வராமலே போய்விட்டன. ஒரு துப்பறிவாளரும் ஆவி ஆராய்ச்சியாளரும் ஜெர்மானியப் பேராசிரியரும் கதையில் இருந்து, பின்னர் நீங்கினார்கள். அவர்களின் வேலைகளை எல்லாம் ஒற்றை ஆளாகச் சுமக்கும்படி, காட்டேரி வேட்டையை நடத்தும் டச்சுப் பேராசிரியர் வான் ஹெல்சிங் உருவானார். ஆனால் முதல் மாதத்திலேயே எழுதி, கடைசிவரை மாற்றாத ஒன்று உண்டு. கோட்டைக்கு வந்த இளைஞனின் கழுத்தை மூன்று காட்டேரிப் பெண்கள் நெருங்கும்போது பிரபு சீறிக்கொண்டு வந்து, இவன் எனக்குரியவன் என்று தடுக்கும் காட்சி. நாவலின் கரு அந்த ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி எழுப்பிய கட்டடம்.

பிரபுவின் பெயர் குறிப்புகளில் முதலில் 'வாம்பிர்' என்று இருந்தது. காட்டேரிக்குக் காட்டேரி என்றே பெயர் வைத்ததுபோல. 1890 கோடையில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள விட்பி என்ற மீன்பிடி ஊருக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போனார் ஸ்டோக்கர். விடுமுறையிலும் நூலகத்துக்குப் போகிறவர். அங்கே, வில்லியம் வில்கின்சன் என்பவர் வலாக்கியா, மால்டேவியா நாடுகளைப் பற்றி 1820இல் வெளியிட்ட நூலில் ஓர் அடிக்குறிப்பு அவர் கண்ணில் பட்டது: வலாக்கிய மொழியில் டிராகுலா என்றால் சாத்தான், வீரத்தாலோ கொடுமையாலோ தந்திரத்தாலோ பெயரெடுத்தவர்களுக்கு அந்த ஊரார் இந்தப் பட்டப்பெயர் சூட்டுவார்கள். ஸ்டோக்கர் அதைக் குறித்துக்கொண்டார். பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதினார். அந்த நூலில் விளாட் என்ற பெயரே கிடையாது. ஓர் அடிக்குறிப்பு இலக்கிய வரலாற்றைத் திருப்பிய நிகழ்ச்சி இது. எமிலி ஜெரார்டு என்ற பெண்மணி டிரான்சில்வேனியாவில் வாழ்ந்து, அங்குள்ள நம்பிக்கைகளைப் பற்றி 1885இல் எழுதிய கட்டுரையும் இதேபோல் உதவியது. புனித ஜார்ஜ் நாளின் முந்தைய இரவில் புதையல் இருக்கும் இடத்தில் நீலச்சுடர் எரியும் என்பதும், காட்டேரியைக் குறிக்கும் 'நோஸ்ஃபெராட்டு' என்ற சொல்லும் அங்கிருந்து வந்தவை.

விட்பி பெயரைத் தந்ததோடு நிற்கவில்லை. செங்குத்தான குன்றின் மேலே பாழடைந்த மடாலயம், அதன் கீழே புனித மேரி தேவாலயமும் கல்லறைகளும், ஊரிலிருந்து அங்கே ஏற 199 படிகள். அந்தக் கல்லறைக் கல் ஒன்றிலிருந்து 'ஸ்வேல்ஸ்' என்ற குடும்பப் பெயரை எடுத்து, நாவலில் வரும் வாயாடிக் கிழவருக்கு வைத்தார். கடலோரக் காவலர் ஒருவரிடம் பேசி, 1885 அக்டோபர் 24 அன்று நடந்த ஒரு விபத்தின் விவரத்தைக் குறித்துக்கொண்டார். நார்வா துறைமுகத்தைச் சேர்ந்த 'டிமிட்ரி' என்ற ரஷ்யக் கப்பல் புயலில் சிக்கி விட்பிக் கரையில் தரைதட்டியது. அடிப்பாரமாக அதில் இருந்தது வெள்ளி நிற மணல். நாவலில் அது வர்னாவிலிருந்து வரும் 'டெமிட்டர்' ஆகிறது. நார்வா, வர்னா: ஆங்கிலத்தில் எழுதினால் அதே எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றன. மணல்கூட மாறவில்லை. மாற்றியது ஒன்றே ஒன்று. உண்மைக் கப்பலில் மாலுமிகள் கரையேறினார்கள். நாவலின் கப்பலில் கேப்டன் பிணமாகச் சுக்கானில் கைகளைக் கட்டிக்கொண்டு, இடையே ஒரு சிலுவையோடு நிற்கிறார். கப்பலில் வேறு மனிதர்களே இல்லை. கரை தொட்டதும் ஒரு பெரிய நாய் தாவி இறங்கி இருட்டில் ஓடி மறைகிறது.

இந்தக் கப்பல் பகுதி ஏழாம் அத்தியாயத்தில் வருகிறது. நாளிதழ்ச் செய்தி ஒன்றை நாவலின் நாயகி மினா தன் நாட்குறிப்பில் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். அந்தச் செய்திக்குள் கப்பலின் பதிவேடு. அந்தப் பதிவேட்டில் கேப்டன் தேதியிட்டுச் சில வரிகள் எழுதுகிறார். ஒரு மாலுமியைக் காணவில்லை. சில நாள் கழித்து இன்னொருவரைக் காணவில்லை. வானிலை இப்படி, காற்று இப்படி, இன்னொருவரும் இல்லை. கேப்டனுக்கு என்ன நடக்கிறதென்று தெரியவில்லை, நமக்குத் தெரியும். அந்த வறண்ட அலுவல் நடை தரும் குளிர்ச்சியை நூறு பக்க வர்ணனையாலும் தரமுடியாது.

இங்கே என் அனுபவத்தைச் சொல்கிறேன். பள்ளி நாட்களில் நான் முதலில் படித்தது ஒரு சுருக்கப் பதிப்பு. நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தந்திகளையும் கரைத்துவிட்டு, ஒரே குரல் சொல்லும் கதையாக மாற்றியிருந்தார்கள். கோட்டை, சவப்பெட்டி, பூண்டு, சிலுவை எல்லாம் இருந்தன. பயம் மட்டும் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து 27 அத்தியாயங்களையும் முழுதாகப் படித்தபோது, மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுந்துபோய் ஜன்னலை மூடினேன். இடையில் மாறியது என்ன? கதை அதேதான். காகிதங்கள் திரும்பி வந்திருந்தன.

நாவலின் முன்பக்கத்திலேயே, இந்தத் தாள்கள் எப்படி வரிசைப்படுத்தப்பட்டன என்பது படிக்கும்போது தெரியும் என்றொரு சிறு குறிப்பு இருக்கிறது. கதைசொல்லி என்று ஒருவர் கிடையாது. இளம் வழக்கறிஞர் ஜொனாதன் ஹார்க்கர் சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதுகிறான். மனநல மருத்துவர் செவார்ட் மெழுகு உருளையில் பேசிப் பதிகிறார். மினா தட்டச்சு செய்கிறாள். அவள் தோழி லூசி கடிதம் எழுதுகிறாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுதான் இருக்கிறது. யாருக்கும் முழுப்படம் தெரியாது. லூசியின் கழுத்தில் இரண்டு சிறு காயங்களை மினா பார்த்து, ஊசி குத்தியிருக்கும் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகிறாள். ஹார்க்கரின் நாட்குறிப்பைப் படித்த நாம் மட்டும் பதறுகிறோம். வாசகனைக் கதைக்குள் மிகவும் தனியான இடத்தில் நிறுத்திவிடுகிறார் ஸ்டோக்கர்: எல்லாம் தெரிந்தும் யாரிடமும் சொல்லமுடியாத இடத்தில்.

பிரபுவும் காகிதக்காரன்தான். பலரும் கவனிக்காத இடம் இது. அவனுடைய கோட்டை நூலகத்தில் மந்திர ஏடுகள் இல்லை. லண்டன் முகவரிப் புத்தகம், பஞ்சாங்கத் தகவல் தொகுப்பு, படைத்துறைப் பட்டியல், வழக்கறிஞர் பட்டியல் இருக்கின்றன. ஒருநாள் ஹார்க்கர் உள்ளே வரும்போது, அவன் சோபாவில் சாய்ந்துகொண்டு இங்கிலாந்தின் ரயில் கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறான். நூற்றாண்டுகளாகச் சாகாமல் இருப்பவன் ரயில் நேரம் பார்க்கிறான்! அதற்கு முன் எழுதப்பட்ட பயங்கரக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1764இல் ஹொரஸ் வால்போல் தொடங்கிவைத்த காலம் தொட்டு, பெரும்பாலும் பழைய நூற்றாண்டும் தொலைதூர நாடும்தான். கோட்டையை விட்டு வெளியே வந்துவிட்டால் தப்பித்தோம். ஸ்டோக்கர் அந்தக் கோட்டையைக் கதையின் தொடக்கத்திலேயே காலிசெய்கிறார். பிரபு 50 மண்பெட்டிகளோடு, வழக்கறிஞர் மூலம் முறையாக வீடு வாங்கி, சரக்குக் கட்டணம் செலுத்தி, லண்டனுக்கே குடிவருகிறான். ஆங்கில உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள ஹார்க்கரை மாதக்கணக்கில் பேசவைக்கிறான்; தெருவில் தன்னைப் பார்த்து ஒருவனும் அந்நியன் என்று நின்றுவிடக்கூடாதாம். உலகத்தின் கால்வாசியை ஆண்டுகொண்டிருந்த ஒரு தேசத்து வாசகர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் உண்டா? தாங்கள் பிற நாடுகளில் செய்ததை, மொழி கற்று, வரைபடம் பார்த்து, நிலம் வாங்கி, ஒருவன் தங்கள் தலைநகரில் செய்கிறான். ஆளப்பட்ட நாடான அயர்லாந்தில் பிறந்தவர் இதை எழுதினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அவனை எப்படிப் பிடிக்கிறார்கள்? சிலுவையும் பூண்டும் தற்காப்புக்குத்தான் உதவுகின்றன. வேட்டை நடப்பது கோப்புகளால். சரக்கு நிறுவனத்தின் ரசீதுகளைத் தேடி, வண்டிக்காரர்களுக்குக் காசு கொடுத்து விசாரித்து, 50 பெட்டிகளில் எது எந்த வீட்டுக்குப் போனது என்று ஹார்க்கர் கணக்கெடுக்கிறான். எல்லாருடைய நாட்குறிப்புகளையும் மினா தேதிவாரியாக அடுக்கி, மூன்று படிகளாகத் தட்டச்சு செய்கிறாள். செவார்ட் தன் மெழுகு உருளைகளில் ஒரு குறிப்பிட்ட பகுதியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதுவரை யோசித்ததே இல்லை என்று ஒப்புக்கொள்ளும் இடம் அழகானது. அடுக்கத் தெரிந்தவள் மினாதான். நாம் கையில் பிடித்திருக்கும் புத்தகமே அவள் தொகுத்த கோப்பு. பிரபுவுக்கும் அது தெரிந்துவிடுகிறது. ஓர் இரவு மருத்துவரின் அறைக்குள் புகுந்து, தாள்களையும் உருளைகளையும் தீயில் போடுகிறான். காட்டேரி கழுத்தை விட்டுவிட்டுக் கோப்பைத் தாக்கும் காட்சி உலக இலக்கியத்தில் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. செய்தி கேட்டதும் செவார்ட் சொல்வது: நல்லவேளை, இன்னொரு படி பெட்டகத்தில் இருக்கிறது! கீழ்நிலை நீதிமன்ற எழுத்தர்களுக்குக் கையேடு எழுதியவரைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்?

இந்தக் காகித ஒழுங்கு இன்னொன்றையும் சாதிக்கிறது. முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு பிரபு மேடையில் ஏறக்குறைய இல்லை. ஜன்னலில் இறக்கை தட்டும் ஓசை, கல்லறைத் தோட்டத்தில் ஒரு கறுப்பு உருவம், உயிரியல் பூங்காவிலிருந்து தப்பிய ஓநாய், கூட்டத்தில் ஒரு முகம். அவனுடைய நாட்குறிப்பு மட்டும் இந்தக் கோப்பில் இல்லை. எல்லாரும் எழுதுகிறார்கள், அவன் எழுதவில்லை. அவனுக்கு என்னதான் வேண்டும், அவனுக்குத் தனிமை உண்டா, எத்தனை ஆண்டுகள் அந்தக் கோட்டையில் கண்ணாடி இல்லாமல் தனியே நடந்தான் என்பதெல்லாம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் தன் பயத்தால் நிரப்பிக்கொள்கிறது. தொற்றுநோய், குடியேற்றம், பெண்ணின் ஆசை, சுரண்டும் பணக்காரன் என்று யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அவன் மேல் பொருந்துகிறது. நாவல் நீடிப்பதற்கு முதற்காரணம் இதுவென்று நினைக்கிறேன்.

இரத்தமும் ஒரு காரணம். லூசியைக் காப்பாற்ற நான்கு ஆண்கள் அடுத்தடுத்துத் தங்கள் இரத்தத்தை அவள் உடலில் ஏற்றுகிறார்கள். இரத்த வகைகளை கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்து அறிவித்தது 1901இல். நாவல் அதற்கு முந்தையது. இன்றைய வாசகருக்கு அந்த மருத்துவமே ஒரு பயங்கரம்.

குறைகளை மறைக்கமாட்டேன். நாவலின் பிற்பாதி தொய்கிறது. விரட்டும் பயணம் வேண்டிய அளவைவிட நீளம். வான் ஹெல்சிங்கின் உடைந்த ஆங்கிலம் சில பக்கங்களுக்கு மேல் களைப்பூட்டுகிறது. எல்லாவற்றையும் தொகுத்த மினாவை, பெண் என்பதற்காக நடுவில் ஆண்கள் ஆலோசனையிலிருந்து விலக்கிவைக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் பிரபு அவளை அடைகிறான். இதை ஆசிரியரின் தவறு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி வாசிப்பதில்லை. கோப்பைப் பராமரிக்கிறவளிடமே கோப்பை மறைத்தார்கள், அதற்கு விலை கொடுத்தார்கள் என்றுதான் நாவல் காட்டுகிறது.

நம் பக்கத்துக்கும் ஒரு மெல்லிய இழை உண்டு. விக்கிரமாதித்தனும் வேதாளமும் நமக்குச் சிறுவயதுச் சொத்து. அந்த வேதாளக் கதைகளில் சிலவற்றை 'விக்ரமும் வாம்பயரும்' என்று பொருள்படும் தலைப்பில் 1870இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் ரிச்சர்டு பர்ட்டன். ஸ்டோக்கர் அவரைப் பலமுறை சந்தித்திருக்கிறார். பேசும்போது பர்ட்டனின் மேலுதடு உயர்ந்து கோரைப்பல் குத்துவாள்போல் மின்னியதை, இர்விங்கைப் பற்றிய தன் நினைவு நூலில் மறக்காமல் எழுதியிருக்கிறார். வேதாளத்துக்கும் டிராகுலாவுக்கும் நேர் உறவு காட்ட ஆதாரம் இல்லை. அந்தப் பல் மட்டும் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நாவல் வந்தபோது பெரிய பணம் தரவில்லை. மகனின் புத்தகத்தைப் படித்த சார்லட், மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைனுக்கு'ப் பிறகு இதற்கு ஈடான பயங்கரம் எதுவும் வரவில்லை என்று பூரித்து எழுதினார். ஸ்டோக்கர் 1912 ஏப்ரல் 20 அன்று இறந்தார். டைட்டானிக் மூழ்கி ஐந்து நாட்கள்தான் ஆகியிருந்தன, செய்தித்தாள்களுக்கு வேறு எதற்கும் நேரமில்லை. மனைவி ஃபுளோரன்ஸ் வரவு குறைந்து வாழ்ந்தார். 1922இல் ஜெர்மனியில் உரிமை கேட்காமல், பெயர்களை மட்டும் மாற்றி 'நோஸ்ஃபெராட்டு' என்று படமெடுத்தபோது வழக்குப் போட்டு, படச்சுருள்களை அழிக்கும்படி 1925இல் தீர்ப்பும் பெற்றார். ஆனால் சில படிகள் எங்கெங்கோ தப்பிவிட்டன. இங்கும் பெட்டகத்தில் இருந்த இன்னொரு படிதான்!

சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழிவான் என்பது அந்தப் படம் புகுத்தியது. நாவலின் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலித் தெருவில் நிற்கிறான். பகலில் அவன் சக்திகள் குறைகின்றன, அவ்வளவே. உயர்ந்த கழுத்துப்பட்டியுள்ள கறுப்பு அங்கி நாடகமேடையிலிருந்து வந்தது. நடிகர் முதுகைக் காட்டித் திரும்பி மேடைப் பொறிக்கதவு வழியே மறைய அந்தப் பட்டி தலையை மறைத்தது. டிராகுலாவின் நெஞ்சில் மரமுளை அடித்துக் கொன்றதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். நாவலில் ஹார்க்கரின் கூர்க்காக் கத்தி அவன் தொண்டையை அறுக்கிறது, குயின்சி மாரிஸ் என்ற அமெரிக்கரின் வேட்டைக்கத்தி இதயத்தில் பாய்கிறது, உடல் தூளாகிறது. திரைப்படங்களில் மட்டும் டிராகுலாவை அறிந்தவர்களுக்கு நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வியப்பு காத்திருக்கிறது.

ஆகவே படிக்க விரும்பினால் முழுப் பதிப்பைத் தேடுங்கள். சுருக்கத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் உள்ள தேதியையும் எழுதியவர் பெயரையும் விட்டுவிடாமல் படியுங்கள். இரண்டு பேர் ஒரே நாளைப் பற்றி எழுதியிருந்தால், முந்தையதைத் திருப்பிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் ஹார்க்கர் ஏழு ஆண்டுகள் கழித்து ஒரு குறிப்பு எழுதுகிறான். பெட்டகத்திலிருந்து தாள்களை எடுத்துப் பார்த்தார்களாம். இவ்வளவு பெரிய குவியலில் மூல ஆவணம் என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லை. எல்லாம் வெறும் தட்டச்சுத் தாள்கள். இதை ஆதாரமாக ஏற்கும்படி யாரிடமும் கேட்கமுடியாது என்கிறான். மூலத்தை எரித்தது யார் என்பது நமக்கு நினைவிருக்கிறது.

ஸ்டோக்கரின் சொந்தத் தட்டச்சுப் பிரதிக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான் நேர்ந்தது. பல பத்தாண்டுகள் அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. 1980களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக் களஞ்சியத்திலிருந்து வெளிவந்தது. முகப்புத் தாளில் டிராகுலா என்ற பெயர் இல்லை. 'செத்தும் சாகாதவர்' என்று பொருள்படும் பழைய தலைப்பு, ஸ்டோக்கரின் கையெழுத்திலேயே இருந்தது.